பழைய பைக்குக்குப் புது ஹேண்டில்பார் போடுறீங்களா? பிரேக் ஒயரையும் ஹோஸையும் கவனிக்காம விட்டா என்ன ஆகும்?

ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட் என்று தேடித்தேடி வாங்குபவர்கள் முதலில் கை வைக்கும் இடம் பெரும்பாலும் ஹேண்டில்பார்தான். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். நாலு போல்ட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வண்டியின் தோற்றமே மாறிவிடும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு நடை போனால் உயரமானது, தட்டையானது, கீழ்நோக்கி வளைந்தது என எல்லா ரகமும் கிடைக்கும்.

"ஹேண்டில்பார் மட்டும் மாத்தி விடுங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொல்வது சுலபம். ஆனால் அந்த ஒரு கம்பியில்தான் முன் பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றும் மாட்டியிருக்கின்றன. கம்பியின் உயரமோ அகலமோ மாறினால், இந்த மூன்றின் நீளக் கணக்கும் மாறும். கிளட்ச் ஒயர் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். முன் பிரேக் கைவிட்டால் அந்த வசதி கிடையாது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கமாகச் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகி, சீக்கிரம் சறுக்க ஆரம்பிக்கும். முன் சக்கரம் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கும். வேகமாகப் போகிற வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பழைய வண்டிகளின் பிரேக் இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் ஏற்கெனவே சுமார். அதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விஷயம்.

நம்ம ஊர் பழைய வண்டிகளில் இருப்பது என்ன?

ஆர்எக்ஸ் 100-ல் முன்னும் பின்னும் டிரம் பிரேக். ராஜ்தூத் 350, யெஸ்டி, பழைய புல்லட் எல்லாமே அப்படித்தான். காலால் மிதிக்கும் பின் பிரேக்கை பெரும்பாலும் ஒரு இரும்பு ராடு இழுக்கும். ஹேண்டில்பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன் பிரேக்குக்கு மட்டும் ஒயர்.

இந்த ஒயர் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பொருள். நடுவில் முறுக்கிய எஃகு இழை, அதைச் சுற்றி கெட்டியான உறை. லீவரைப் பிடித்தால் இழை இழுபடுகிறது. உறை தன் இரண்டு முனைகளிலும் அசையாமல் அமர்ந்திருந்தால்தான் அந்த இழுப்பு முழுசாகப் பிரேக் ஷூவுக்குப் போய்ச் சேரும்.

இப்போது உயரமான ஹேண்டில்பார் போட்டு, பழைய ஒயரையே இழுத்து மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். வண்டி நேராக நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பிரேக்கும் பிடிக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பினால்தான் கதை தெரியும். நீளம் போதாமல் உறை தன் இடத்தை விட்டு வெளியே இழுபடும். அப்போது உள்ளே இருக்கும் இழை, லீவரைத் தொடாமலே இழுபட்டு, பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். சந்துக்குள் மெதுவாக யூ-டர்ன் அடிக்கும் நேரத்தில், ஹேண்டில் முழுசாகத் திரும்பியிருக்கையில், முன் சக்கரம் இப்படிப் பிடித்தால் வண்டி அப்படியே சாயும்.

ஆக்சிலேட்டர் ஒயரிலும் இதே கதைதான். அங்கே ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் தானாக உறுமும். ஒரே நேரத்தில் முன் பிரேக்கும் பிடித்து ஆக்சிலேட்டரும் ஏறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விட்டு, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம்கூட மாறக் கூடாது. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றிவிட்டு மறுபடி ஹேண்டிலைத் திருப்புங்கள். சக்கரம் எந்த இடத்திலும் உரசவோ தயங்கவோ கூடாது.

நீளம் அதிகமானா பரவாயில்லையா?

அதுவும் இல்லை. கீழ்நோக்கி வளைந்த கேஃபே ரேசர் ரக ஹேண்டில்பார் போடுபவர்களுக்கு வரும் சிக்கல் இது. பழைய ஒயர் மிச்சமாகி, ஹெட்லைட் முன்னால் பெரிய வளையமாகத் தொங்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது அது ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கி நசுங்கலாம், அல்லது டயரில் உரசலாம். அதை மறைக்க டேக் போட்டு இறுக்கிக் கட்டினால் வேறொரு பிரச்னை. ஒயர் கூர்மையாக மடங்கும் இடத்தில் உள்ளே இழை உறையோடு உரசி, லீவர் கனமாகும். விட்ட பிறகும் பிரேக் உடனே விடாது. நாளடைவில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் மொத்தமாகப் போகும்.

புது ஒயர் கட்டும்போது நீளம் அளக்கப் பழைய ஒயரை அளவாகக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. புது ஹேண்டில்பாரை மாட்டி, லீவரை அதன் இடத்தில் பொருத்தி, ஒயர் போக வேண்டிய வழியிலேயே ஒரு தடித்த கயிற்றை விட்டு அளக்க வேண்டும். ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பும்போது தூரம் அதிகமாகிறதோ அந்த நிலையில் அளக்கணும். கூடவே முன் ஷாக் முழுசாக நீண்டிருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக் தன் பாரத்தில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டி முன் சக்கரம் காற்றில் தொங்கும் அந்த ஒரு நொடியில்தான் ஷாக் முழுசாக நீளும், ஒயரும் முழுசாக இழுபடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவர் உட்கார்ந்து அழுத்தினால் முன் சக்கரம் தூக்கும். அப்போது அளந்தால் கணக்கு சரியாக வரும்.

ஒயர் முனையில் உருண்டையாக இருக்கும் நிப்பிளையும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது. இழைகளை நிப்பிளுக்குள் விரித்துவிட்டு, அதன்பிறகு ஈயம் ஊற்றிப் பற்றவைத்தால்தான் பிடிமானம் இருக்கும். திருகாணியால் இறுக்கும் நிப்பிள் ரோட்டில் ஒயர் அறுந்தால் வீடு வந்து சேரத்தான். பிரேக்கில் அதை நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது.

டிஸ்க் பிரேக் இருக்கும் பழைய வண்டிகள்

இங்கேதான் வேலை கொஞ்சம் பெரிது. நல்ல உதாரணம், ஜப்பானின் ஹோண்டா சிபி750. 1969-ல் விற்பனைக்கு வந்த இந்த நாலு சிலிண்டர் வண்டி, முன்பக்கம் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. அன்றைக்குச் சாலையில் ஓடும் சாதாரண பைக்கில் அது பெரிய விஷயம். அடுத்த சில வருஷங்களில் பிரிட்டனின் நார்ட்டன், டிரையம்ஃப் வண்டிகளுக்கும் முன் டிஸ்க் வந்துவிட்டது. இந்தியாவில் டிஸ்க் பரவலாகத் தெரிய ஆரம்பித்ததில் 1999-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வண்டிக்கே இப்போது 25 வயது தாண்டிவிட்டது.

டிஸ்க் பிரேக்கில் இழுக்கும் ஒயருக்குப் பதிலாகத் தள்ளும் ஆயில். லீவரைப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன பிஸ்டன் நகர்ந்து ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் காலிபருக்குப் போய், அங்கே பெரிய பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கில் அழுத்தும். மேலே 14 மி.மீ. பிஸ்டன், கீழே 38 மி.மீ. பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், பரப்பளவுக் கணக்கில் விசை 7 மடங்குக்கும் மேல் பெருகும்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. விசை 7 மடங்கு கூடினால் நகரும் தூரம் 7 மடங்கு குறையும். மேலே 7 மி.மீ. நகர்ந்தால் கீழே 1 மி.மீ. அளவுக்குத்தான் பேட் நகரும். அதனால்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும் சின்னக் காற்றுக் குமிழோ, அழுத்தத்தில் லேசாக உப்பும் பழைய ரப்பர் ஹோஸோ லீவரின் பயணத்தை விழுங்கிவிடுகிறது. ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்க முடியும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான்.

பழைய ஹோஸ் வெளியே பார்க்க நல்லாதானே இருக்கு?

ரப்பர் ஹோஸ் உள்பக்கத்திலிருந்தும் கெட்டுப்போகும். உட்சுவர் ஊறி வீங்கி, துவாரம் சுருங்கிவிடும். நாம் லீவரை அழுத்தும் விசையில் ஆயில் எப்படியோ கீழே போய்விடும். ஆனால் விட்ட பிறகு திரும்பி வரத் தள்ளுவதற்கு அங்கே பெரிய விசை எதுவும் இல்லை. ஆயில் அங்கேயே தங்கும். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும். இந்த மாதிரி வண்டி வந்தால் காலிபரைத்தான் முதலில் பிரிப்பார்கள். கோளாறு பல நேரம் ஹோஸில் இருக்கும்.

ஜப்பானியக் கம்பெனிகள் பலவற்றின் கையேடுகளில் பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒருமுறையும், ஹோஸை 4 வருஷத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். 40, 50 வருஷ வண்டியில் கம்பெனி ஹோஸே இன்னும் இருந்தால், ஹேண்டில்பார் மாற்றாவிட்டாலும் அதை மாற்றியே ஆக வேண்டும்.

சிபி750-ல் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் மேல் ஹோஸ் நேராகக் காலிபருக்குப் போவதில்லை. ஃபோர்க்கின் கீழ் கிளாம்ப் பக்கத்தில் இருக்கும் மூன்று வழி இணைப்பில் முடிகிறது. அங்கிருந்து இன்னொரு ஹோஸ், அதன்பிறகு ஒரு இரும்புக் குழாய், அப்புறம்தான் காலிபர். ஹேண்டில்பார் உயரம் கூடினால் நீளம் மாற வேண்டியது மேல் ஹோஸ் மட்டும்தான். ஆனால் மேலே புதுசும் கீழே பழசும் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இரண்டுக்கும் வயது ஒன்றுதானே.

எதற்கு இத்தனை இணைப்பு என்று மேலிருந்து கீழ்வரை ஒரே நீள ஹோஸாகப் போடுபவர்களும் உண்டு. கசிவதற்கான இடங்கள் குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் முன் பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவைக்கும் ஸ்விட்ச் அந்த மூன்று வழி இணைப்பில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பிரேக் பிடிக்கும், லைட் எரியாது. பின்னால் வருகிறவருக்கு நாம் நிற்கப்போவது தெரியாது. ஹோஸ் முனையை இறுக்கும் பேஞ்சோ போல்ட்டிலேயே ஸ்விட்ச் சேர்ந்து வரும் வகை கிடைக்கிறது. அதைப் போட்டு வயரிங்கை இணைத்துவிட்டால் தீர்ந்தது.

புது ஹோஸ் வாங்கும்போது

இப்போது பலரும் தேர்ந்தெடுப்பது, உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே எஃகு இழைப் பின்னலும் உள்ள ஹோஸ். ரப்பர் போல உப்பாது, லீவர் கெட்டியாக இருக்கும். ஒரே குறை, மேலே பிளாஸ்டிக் உறை இல்லாத பின்னல் அரம் மாதிரி வேலை செய்யும். உரசும் இடத்தில் பெயின்ட், அலுமினியம் எதுவானாலும் ராவிவிடும். உறை போட்டதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது மரை விஷயத்தில். பேஞ்சோ போல்ட்டுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக 10 மி.மீ. போல்ட்டில் 1.25 மி.மீ. மரை. இத்தாலியின் பிரெம்போவில் அதே 10 மி.மீ., ஆனால் மரை 1.0. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் லாக்ஹீட் பிரேக்கில் அங்குலக் கணக்கு, 3/8 அங்குலத்தில் 24 மரை. அந்த 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ. சொச்சம். தவறான போல்ட் முதல் ரெண்டு சுற்று இறங்கிவிடும், அப்புறம் கனமாகும். ஸ்பேனர் போட்டு அழுத்தித் திருகினால் மாஸ்டர் சிலிண்டரின் அலுமினிய மரை போய்விடும். 50 வருஷ வண்டிக்கு அந்தப் பாகத்தை எங்கே போய்த் தேடுவது? கையால் முழுசாக இறங்காத போல்ட்டை ஸ்பேனரால் இறக்கக் கூடாது.

போல்ட்டுக்கு இரண்டு வாஷர் வேண்டும், ஹோஸ் முனையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. செம்பு அல்லது அலுமினியம். இறுக்கும்போது லேசாக நசுங்கி அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுபடி அதே மாதிரி அடைக்காது. கழற்றும்போதெல்லாம் புதுசு போட வேண்டும். விலை மிகக் குறைவு, ஆனாலும் பழைய வாஷரையே திருப்பிப் போடும் வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது.

ஹோஸ் நீளத்தையும் ஒயருக்குச் சொன்ன மாதிரியேதான் அளக்கணும். ஷாக் நீண்டு, ஹேண்டில் முழுசாகத் திரும்பிய நிலையில், கொஞ்சம் தளர்வு மிச்சமிருக்க வேண்டும். கீழே இறங்கிய ஹேண்டில்பார் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் மேல் இருக்கும் ஆயில் டப்பா ரொம்பச் சாய்ந்துவிடக் கூடாது. சாய்ந்தால் ஆயில் குறையும் நேரத்தில் உள்ளே போகும் துளை வெளியே தெரிந்து, காற்று உள்ளே போய்விடும். ஹோஸ் நடுவில் மேடு மாதிரி வளைந்து இறங்கினாலும் அந்த மேட்டில் காற்று தங்கிக்கொள்ளும், எத்தனை தடவை எடுத்தாலும் போகாது.

ஆயில் ஊற்றி ஏர் எடுப்பது

முதலில் டேங்க்கை ஒரு கெட்டித் துணியால் மூடிவிட வேண்டும். டாட் 3, டாட் 4 ஆயில்கள் பெயின்ட்டைத் தின்றுவிடும். கம்பெனி பெயின்ட்டோடு இருக்கும் பழைய டேங்க் என்றால் நஷ்டத்தைக் கணக்குப் போட முடியாது. சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம்.

ஆயில் டப்பாவை நிரப்பி, லீவரைச் சிலமுறை பிடித்துவிட்டு, பிடித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு காலிபரில் இருக்கும் நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயிலோடு குமிழ்கள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். குமிழ் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யணும், நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளணும். புது ஹோஸில் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 புதுசாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4-க்கு 230 டிகிரி. இவை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. ஈரம் சேர்ந்த டாட் 3-க்கு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், லீவர் கைக்கு வந்துவிடும், பிரேக் இருக்காது. வருஷக்கணக்காகத் திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருக்கும் ஆயிலை ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். டாட் 5 வேறு இனம், சிலிக்கானால் ஆனது. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒத்துப்போனாலும் டாட் 5.1 சிலிக்கான் கிடையாது.

பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் பல பட்டறைகளில் நடக்கிறது. காலிபருக்குள் இருக்கும் ரப்பர் சீல் அதில் ஊறி வீங்கிவிடும். பிரேக் ஆயிலாலேயே துடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் உடனே ரோட்டுக்குப் போகக் கூடாது. லீவரை அழுத்திப் பிடித்து ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்து பாருங்கள். லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. போல்ட் இணைப்புகளை டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். பிறகு தள்ளிக்கொண்டே நடந்து பிரேக் பிடித்துப் பார்த்து, காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் டிராஃபிக். கொஞ்ச தூரம் ஓடியதும் இணைப்புகளையும், ஒயராக இருந்தால் அட்ஜஸ்டரையும் மறுபடி பார்க்கணும். புது ஒயர் ஆரம்பத்தில் சற்று நீளும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனியின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கம்பெனி அளவிலேயே ஒரு ஹோஸை மாற்றுவது பராமரிப்பு. தோளுக்கு மேல் கை தூக்கிப் பிடிக்கும் ஹேண்டில்பார் போடுவது வேறு விஷயம். எனவே பெரிய மாற்றம் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வதுதான் பாதுகாப்பு. தெரிவிக்காத மாற்றத்தை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி கிளைம் நேரத்தில் கேள்வி எழுப்பவும் வாய்ப்பு உண்டு.

பேச்சுவழக்கில் எல்லாப் பழைய பைக்கையும் விண்டேஜ் என்கிறோம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் விற்பனையிலிருந்து 50 வருஷம் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். நம்பர் பிளேட்டில் அதற்குத் தனியாக 'விஏ' வரிசை. 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு அந்தத் தகுதி கிடைக்க 2035 ஆக வேண்டும். சென்னை திருவொற்றியூரில் 1970-களின் தொடக்கத்தில் தயாரான புல்லட்டுகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. கழற்றிய பழைய ஹேண்டில்பாரையும், அதன் லீவர், கிளாம்ப், ஒயரையும் எடைக்குப் போட்டுவிடாமல் ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் வைத்துவிடுங்கள். நாளைக்கு வண்டியை மூல வடிவத்துக்குக் கொண்டுவர நினைத்தால் அலைய வேண்டியிருக்காது.